வண்டி ஓடுற வரைக்கும்

சுத்துது. சுத்தாம இல்ல. சாவியைத் திருப்பினா கிரிகிரின்னு சுத்தத்தான் செய்யுது, ஆனா பிடிக்க மாட்டேங்கு. நேத்துக் காலையில மார்க்கெட்டுக்கு எடுத்துட்டுப் போனப்பம் ரெண்டாவது சுத்துல பிடிச்ச சவம், இன்னைக்கு ஒன்பது தடவை திருப்பியாச்சு, ஒன்பதோ பத்தோ, எண்ணக்கூடாது, எண்ணினா பேட்டரி இறங்குறதுதான் மனசுல ஓடும். மணி எட்டு இருபது. பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில அத்தானுக்கு பெட்டு, டயாலிசிஸ் பெட்டு, திங்களும் வெள்ளியும், இன்னைக்கு வெள்ளி. அத்தான் ஜன்னலுக்குப் பின்னால நாற்காலியில உக்காந்திருக்காவ, தலையைச் சீவி, வெள்ளைச் சட்டை போட்டு, பொத்தானெல்லாம் நானே மாட்டி விட்டது. போர்ட்டிகோவைப் பாத்த ஜன்னல். கார் மூக்கு ஜன்னலுக்கு நேரா நிக்கும். "என்னட்டி, பிடிக்கலையா" ன்னு கேக்காவ. பிடிக்கலைன்னு காது கேக்கலையாக்கும், தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கும், எதிர்வீட்டு சரோஜா டீச்சர் மாடியில துணி காயப்போடுற சாக்குல ரெண்டு தடவை எட்டிப் பாத்தாச்சு. "பிடிச்சிரும் அத்தான், குளிருல்லா" ன்னு சொன்னேன். பாளையங்கோட்டையில என்ன குளிரு. சொல்லும்போதே நெத்தியில இருந்து வேர்வை கண்ணுக்குள்ள இறங்குது. மெக்கானிக்குப் போன் போட்டா சாயங்காலம்தான் வருவானாம், "அதைப் பழைய இரும்புக்குப் போடுங்க அக்கா" ன்னு ஒரு சிரிப்பு வேற. முப்பத்தி நாலு வருசத்து வண்டி. வாங்கும்போது கிரீம் கலரு, இப்பம் என்ன கலருன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. பழைய இரும்புக்குப் போடு, அது அவனுக்குச் சொல்லுறதுக்கு லேசு. இந்த இரும்புதான் என் வீட்டுல ஒரு உசுரைப் பிடிச்சு வச்சிருக்குன்னு அவனுக்கு எப்படித் தெரியும்.

ஒரு வருசம் ஏழு மாசம் ஆச்சு. ரெண்டு கிட்னியும் போச்சுன்னு டாக்டர் சொன்ன அன்னைக்கு அத்தான் வீட்டுக்கு வந்து வேட்டியை மாத்திட்டு, "நான் மிசின்ல எல்லாம் படுக்க மாட்டேன் பியூலா, போற அன்னைக்குப் போறேன்" ன்னு பேப்பரை விரிச்சிட்டாவ. மூணு நாள் அழுதேன். வெக்கமில்லாம காலைப் பிடிச்சு அழுதேன், மஸ்கட்டுல இருந்து மக போன்ல அழுதா, சர்ச்சு ஐயர் வந்து ஜெபம் பண்ணிட்டுப் போனாரு. நாலாம் நாள், ஏதோ ஒரு இரக்கத்துல சொன்னாவ: "சரி வாரேன். ஆனா ஆம்புலன்சுலயும் ஆட்டோவுலயும் என்னைப் பொட்டலமா ஏத்தக்கூடாது. நம்ம வண்டியிலதான் வருவேன். வண்டி ஓடுற வரைக்கும் வாரேன். அது என்னைக்கு நிக்குதோ அன்னைக்கு நானும் நிறுத்திருவேன்." நான் சிரிச்சேன். இவ்வளவுதானான்னு சிரிச்சேன். அன்னைக்கு எனக்கு வண்டி ஓட்டத்தான் தெரியும், பானட்டைத் திறந்தா எது எதுன்னு தெரியாது. பொறவு படிச்சேன், வேற யாரு சொல்லித் தருவா, அவியளேதான். ஜன்னல்ல இருந்து அவிய சொல்லச் சொல்ல நான் செய்வேன், அவிய வாய், என் கை. இருபத்தெட்டு வருசம் தையல் டீச்சரா இருந்த கை, ஊசி கோத்த கை, ஸ்பேனரும் பிடிச்சிட்டு. கார்புரேட்டர்ல பெட்ரோல் ஒழுகினப்பம் பாரின்ல அச்சடிச்ச மாதிரி தடியா ஒரு கல்யாணப் பத்திரிகை வந்துச்சே, அந்த அட்டையில பேட்டர்ன் வெட்டுற மாதிரி ஒழுகாம அடைக்குற கேஸ்கெட் வெட்டிப் போட்டேன், "தையக்காரி, தையக்காரி" ன்னு சிரிச்சாவ, இன்னைக்கு வரைக்கும் ஒழுகல. போன ஜனவரியில கிளச்சு கேபிள் அறுந்துச்சு. நான் கூறு கெட்டுப் போயி ஆட்டோவைக் கூட்டிட்டு வந்து வாசல்ல நிறுத்தினேன். அத்தான் ஜன்னல் கம்பியைப் பிடிச்சாவ பாரு, விரலெல்லாம் வெளுத்துப் போச்சு. ஆட்டோக்காரனை அனுப்பிட்டு, ஓடிப்போயி கேபிள் வாங்கிட்டு வந்து, நானே மல்லாந்து படுத்து மாட்டி, ஒரு மணிக்குக் கொண்டு போய்ச் சேத்தேன். சொன்ன சொல்லுல நிக்குற மனுசன். மின்வாரியத்துல போர்மேனா இருந்தப்பமும் அப்படித்தான், ஞானதுரை வாரேன்னா மழையானாலும் வருவாருன்னு பேரு. அந்த சொல்லுதான் என் கையில இருக்க ஒரே கயிறு, அதோட இந்த முனை இந்தா இந்த வண்டியில கட்டியிருக்கு.

லேசானதுல இருந்து ஆரம்பிக்கணும். அது அவிய சட்டம். கம்பத்துல ஏறுறதுக்கு முன்னால பியூஸைப் பாருன்னு லைன்மேன்மாருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகின வாய். பேட்டரி முனையில வெள்ளையும் பச்சையுமா பூத்துக் கெடந்துச்சு, வெந்நி ஊத்தினேன், பொங்கிக்கிட்டு ஓடிப்போச்சு, துடைச்சு, முறுக்கி, சாவியைத் திருப்பினா இன்னும் வேகமாத்தான் சுத்துது, பிடிக்கல. அப்பம் பேட்டரி இல்ல. பெட்ரோல் குழாயைக் கழட்டி ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள்ள விட்டுட்டுத் திருப்பினேன், சளக்குச் சளக்குன்னு வந்து விழுது, நல்ல சுத்தமா, அப்பம் பெட்ரோலும் இல்ல. கையில பெட்ரோல் வாடை. இந்த வாடைக்கு முன்னால எல்லாம் எனக்குத் தலைவலி வரும், இப்பம் ஆஸ்பத்திரி வாடைக்கு இது எவ்வளவோ மேல். மிசின் ரூம் வாடை ஒண்ணு இருக்கு, குளிர்ந்த பினாயிலும் ரப்பரும், அதுல நாலு மணி நேரம் அத்தான் படுத்திருக்கும்போது நான் வெளிய பெஞ்சுல உக்காந்து துணியில பூ போடுவேன், ஒரு பூவும் உருப்படியா வந்ததில்ல. முடிஞ்சு வரும்போது முகம் சாம்பலா இருக்கும். வண்டியில ஏறினதும் கண்ணை மூடிக்கிடுவாவ. வீட்டுக்கு வந்தா வாந்தி. மறுநாள்தான் கொஞ்சம் மனுசனா எழும்புவாவ, அதுக்கு மறுநாள் கால் வீங்க ஆரம்பிக்கும். நாளைக்கு மொத்தம் ரெண்டரை தம்ளர் தண்ணி, காப்பி, ரசம், மாத்திரைத் தண்ணி எல்லாம் சேத்து. கோடு போட்ட ஒரு டப்பாவுல நான் அளந்து வச்சிருவேன். காப்பி அரைத் தம்ளர்தான். அரைத் தம்ளரைக் கையில வாங்கிட்டு உள்ள எட்டிப் பாப்பாவ, கிணத்தை எட்டிப் பாக்குற மாதிரி. ஒரு நாளும் கூடக் கேட்டதில்ல. கேட்டா சண்டை போடலாம். கேக்காத மனுசன்கிட்ட என்னன்னு சண்டை போட. இன்னைக்குக் காலையில பெட்ஷீட்டை உதறும்போது ஓரத்துல கருப்பா ரெண்டு விரல் தடம், கிரீஸு. "பாத்தியளா என் லெச்சணத்தை, கையைக் கழுவாம எங்க எல்லாம் தடவியிருக்கேன்" ன்னேன். "உனக்கு இதே வேலைதான்" ன்னாவ. சோப்புப் போட்டுத் தேச்சேன், போகல, ஊற வச்சிருக்கேன், அதை எடுத்துக் காயப்போடணும், மறந்துரக்கூடாது, மணி ஒன்பது பத்து.

பிளக்கு. நாலையும் கழட்டினேன். "நல்லா ஈரமா இருக்கா" ன்னு ஜன்னல்ல இருந்து சத்தம். ஈரமா இருக்கு. பெட்ரோல் போகுது, நெருப்பு இல்ல, அவ்வளவுதான் விசயம். துடைச்சு ஒண்ணைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். வேலை பாக்கும்போது சேலைக்கு மேல அத்தானோட பழைய காக்கிச் சட்டை ஒண்ணைப் போட்டுக்கிடுவேன், அந்தப் பையில என்னமும் போட்டா அசனத்து நெனப்பு வந்துரும். கலியாணமாகி மூணாம் வருசமோ நாலாம் வருசமோ, அவிய ஊர்க் கோயில்ல அசனம், ஊருக்கெல்லாம் பந்தி போடுற பண்டிகை, ஊரே திரண்டு கெடக்கு, வண்டியை வேப்பமரத்தடியில விட்டுட்டு அத்தான் பானட்டைத் திறந்து ரோட்டரைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாவ. ரோட்டர்னா பெரிசா ஒண்ணுமில்ல, நூல்கண்டு அளவு ஒரு சாமான், தலையில ஒரு பித்தளைத் தகடு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ள சுத்திச் சுத்தி நாலு பிளக்குக்கும் நெருப்பைப் பங்கு வைக்கும். அதைக் கழட்டிட்டா எந்தக் கள்ளன் வந்தாலும் வண்டி கிளம்பாது. கூட வேலை பாத்தவரு வண்டி ஒண்ணு திருடு போனதுல இருந்து அவியளுக்கு அது ஒரு பழக்கம், ஊருக்குப் போனா இறங்கினதும் முதல் வேலை அதுதான். அன்னைக்கு ஆராதனையில காணிக்கைப் பை வந்துச்சு. கண்ணை மூடிப் பாடிக்கிட்டே சட்டைப் பையில கையை விட்டு எடுத்துப் போட்டாவ, டங்குன்னு ஒரு சத்தம். முடிஞ்சு வெளிய வந்து பாத்தா சட்டைப் பையில சில்லறை இருக்கு, ரோட்டர் இல்ல. கோயில் வேலை பாக்குற கோயில்குட்டியார்கிட்டப் போயி, "அண்ணாச்சி, காணிக்கையில என் வண்டி சாமான் ஒண்ணு விழுந்துட்டு" ன்னு நின்ன நிலை இருக்கே. அவரு, "கர்த்தருக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேக்கியேய்யா" ன்னு எடுத்துக் கொடுத்தாரு. வீடு வரைக்கும் சிரிச்சுக்கிட்டே வந்தோம். அந்தச் சிரிப்பு எங்க போச்சு. சரி, வேலையைப் பாரு. நெருப்பு வருதான்னு பாக்கணும்னா ரெண்டு ஆள் வேணும், ஒருத்தர் சாவியைத் திருப்ப, ஒருத்தர் பிளக்கைப் பாக்க. எனக்கு ஆள் இல்ல, அதுக்கு நானே ஒரு வழி கண்டுபிடிச்சு வச்சிருக்கேன். பிளக்கை வயர்ல மாட்டி, எஞ்சின் இரும்புல படுற மாதிரி துணி கிளிப்பு போட்டு நிறுத்திட்டு, வெளிச்சம் படாம மேல கருப்புக் குடையை விரிச்சு வச்சு, பக்கத்துல ஸ்டூல்ல என் முகம் பாக்குற கண்ணாடியைச் சாய்ச்சு வச்சிருவேன். டிரைவர் சீட்டுல இருந்து கதவைத் திறந்து தலையை நீட்டினா கண்ணாடியில பிளக்கு தெரியும். திருப்பினேன். கிரிகிரிகிரி. பிளக்கு இருட்டாவே இருக்கு. கண்ணாடியை இன்னும் கொஞ்சம் சாய்ச்சுட்டுத் திரும்பத் திருப்பினேன், இருட்டுதான், ஆனா இப்பம் கண்ணாடியோட மேல்பக்கத்துல ஜன்னலும் தெரியுது. அத்தான் தெரியுதாவ. பிளக்கு சோதிக்கும்போது எப்பமும் கழுத்தை நீட்டிப் பிளக்கைத்தான் பாப்பாவ, "வருதா, நீலமா வருதா, மஞ்சளா வருதா" ன்னு உசுரை வாங்குவாவ. இன்னைக்கு அவிய பிளக்கைப் பாக்கல. என் முகத்தைப் பாத்துக்கிட்டு இருக்காவ. வலது கை சட்டைப் பை மேல இருக்கு, நெஞ்சு வலிக்கோ என்னமோ. "என்னமும் செய்யுதா அத்தான்" னு கேட்டேன். "ஒண்ணும் செய்யல" ன்னாவ.

நெருப்பு இல்ல. ஏன் இல்ல. மணி ஒன்பது முக்கால், பத்தரைக்காவது கிளம்பணும். "காயில் போயிருக்கும் பியூலா. இப்பம் சாமான் கிடைக்காது" ன்னு சொல்லுதாவ. காயிலா, நெருப்பு அதுல இருந்துதான் பிறக்கும், சோதிக்காம எப்படிச் சொல்லுதாவ. சோதிக்காம ஒண்ணையும் சொல்லாத மனுசன். காயில்ல இருந்து மூடிக்குப் போற தடி வயரைப் புடுங்கி அதே மாதிரி கிளிப்பு போட்டு, குடை, கண்ணாடி, சாவி. டிக் டிக்குன்னு நீலமா, தடிமனா, ஒரு நெருப்பு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. "காயில் நல்லா இருக்கு அத்தான்" னு கத்தினேன். அப்பம் மூடி வரைக்கும் நெருப்பு வருது, மூடியைத் தாண்டிப் பிளக்குக்குப் போகல. நாலு வயரும் ஒரே நாள்ல போகாது. மூடிக்குள்ளதான் கோளாறு. புள்ளைகளுக்கு நூல் அறுந்தா மேல இருந்து கீழ ஒவ்வொரு இடமாப் பாக்கச் சொல்லிக் கொடுப்பேன், அதே கணக்குதான், ஊசிக்கிட்ட வந்தாச்சு. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மூடிக் கிளிப்புல வச்சேன். "அதைத் திறக்காத." சத்தம் ஒரு மாதிரி இருந்துச்சு. "ஏன் அத்தான்." "பழைய மூடில்லா, உடைஞ்சிரும்." உடையாது, போன மாசம்தான் திறந்து துடைச்சேன், அவியதான் துடைக்கச் சொன்னாவ. "மெள்ளத்தான் திறக்கேன்." "வேண்டாம்ங்கேன். விட்டுரு பியூலா. எவ்வளவு நேரம்தான் நீயும் கெடந்து சாவ." நான் கையை எடுக்கல. சரோஜா டீச்சர் மாடியில இல்ல, துணி மட்டும் ஆடுது. தெருவுல மீன்காரன் போறான், வெளமீன், சாளைன்னு. ஒரு கிளிப்பைத் தள்ளினேன். மத்ததைத் தள்ளினேன். பின்னால நாற்காலி கிரீச்சுன்னுச்சு. மூடியைத் தூக்கினேன். ரோட்டர் இல்ல. உடையல, தேயல, கருகல. இல்ல. அது உக்காருற தண்டு மொட்டையா நிக்குது, எண்ணெய் மினுமினுப்போட.

நேத்து மத்தியானம். மூணு மணிக்கு நான் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு நடந்துதான் போனேன், வர அஞ்சாச்சு. ரெண்டு மணி நேரம். சேர்ல இருந்து எழும்பி, சுவரைப் பிடிச்சுக்கிட்டு, ஆறு படி இறங்கி, பானட்டைத் தூக்கி, கம்பு கொடுத்து நிறுத்தி. அந்த இடது கையால தண்ணிக் குடம் தூக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, டயாலிசிஸ் ஊசி குத்துறதுக்காக நரம்பைச் சேத்துத் தைச்ச கை, தொட்டா உள்ள வண்டு பறக்குற மாதிரி அதிரும். அந்தக் கையாலயும் தூக்கியிருக்காவ. கிளிப்பைத் தள்ளி, கழட்டி, திரும்ப மூடி, சத்தம் கேக்காம பானட்டை இறக்கி, ஆறு படி ஏறி. எத்தனை தடவை நின்னு மூச்சு வாங்கினாவளோ. கிரீஸை வேட்டியில துடைச்சா நான் கண்டுபிடிச்சிருவேன்னு பெட்ஷீட்டு ஓரத்துல துடைச்சிருக்காவ. எனக்குக் கோவம்தான் முதல்ல வந்துச்சு, பொய் சொல்லக்கூடாது, நல்ல கோவம். கண்ணாடியைத் தூக்கித் தரையில அடிக்கணும் போல. ஒரு வருசம் ஏழு மாசம் நான் மல்லாந்து படுத்தது எதுக்கு, நகத்துக்குள்ள இருந்து இந்தக் கருப்பு போகாம நற்கருணைக்குக் கையை நீட்ட வெக்கப்பட்டது எதுக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை, "முடியலட்டி" ன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன. சொல்லமாட்டாவ. வாரேன்னு வாக்குக் கொடுத்தாச்சு, வண்டி ஓடுற வரைக்கும்னு. வாக்கை மீற முடியாம வண்டியை நிறுத்தியிருக்காவ. வயரை அறுத்திருக்கலாம், டாங்குல மண்ணைப் போட்டிருக்கலாம். வண்டிக்கு ஒரு நோவும் கொடுக்காம, திரும்ப வைக்கக்கூடியதா ஒண்ணைத்தான் எடுத்திருக்காவ. கள்ளனுக்குப் பயந்து எடுப்பாவளே, அதையே. இப்பம் கள்ளன் நான்தான்.

சீட்டுக்கு அடியில நெய் டப்பா ஒண்ணு இருக்கு. பியூஸு, பல்பு, பழைய பிளக்கு, அதுக்கடியில துணியில சுத்தி ஒரு புது ரோட்டர். போன வருசம் மதுரையில பழைய வண்டிக்குச் சாமான் விக்குற கடையில பாத்து நான் வாங்கி வச்சது, அவியளுக்குத் தெரியாது, எதுக்கும் இருக்கட்டும்னு. எடுத்துக் கையில வச்சிருக்கேன். வச்சு அமுக்கினா அரை நிமிசம். பிளக்கு நாலையும் மாட்டப் பத்து நிமிசம். பத்து ஆகுது, பத்தரைக்குக் கிளம்பிரலாம், பெட்டு போகாது. ஒரே சுத்துல பிடிக்கும். பிடிச்சா அத்தான் வருவாவ, அதுல சந்தேகமே இல்ல, சொன்ன சொல்லு, கையை என் தோள்ல போட்டுக்கிட்டு ஆறு படி இறங்கி வந்து உக்காருவாவ, கண்ணை மூடிக்கிடுவாவ. வாயைத் திறந்து ஒண்ணும் கேக்க மாட்டாவ. திங்கக்கிழமையும் வருவாவ. அதுதான். அந்த 'வருவாவ'ங்கிறதுதான் எனக்குப் பொறுக்கல. நான் ஜெயிச்சிருவேன், அந்த முகத்தை எப்படிப் பாப்பேன். மாட்டலைன்னா. மாட்டலைன்னா என்னன்னு எனக்குத் தெரியும், நர்ஸு சொல்லியிருக்கா, பெட்டு தள்ளிப் போனா தண்ணி ஏறும், மூச்சு முட்டும், ஒரு வாரம், கூடினா ரெண்டு. எனக்கு வேணும் அவிய. இந்த சேர்ல, இந்த ஜன்னல்ல, இந்தச் சத்தம் எனக்கு வேணும். ஏசப்பா, நான் என்ன செய்யட்டும். கை தன்னால ரோட்டரைத் தண்டு மேல கொண்டு போகுது, வச்சுப் பாத்தேன், அமுக்கல, சரியா உக்காருற சாமான்தான். எடுத்துட்டேன். திரும்ப வச்சேன். மீன்காரன் அடுத்த தெருவுக்குப் போயிட்டான். எடுத்தேன்.

எடுத்து, காக்கிச் சட்டைப் பையில போட்டேன். மூடியை மொட்டைத் தண்டு மேல வச்சு, கிளிப்பு ரெண்டையும் மாட்டினேன். குடையை மடக்கினேன். பானட்டை இறக்கும்போது டமார்னு விழுந்துட்டு.

ஜன்னல்கிட்டப் போனேன். அத்தான் கம்பிக்கு அந்தப் பக்கம், கை இன்னும் சட்டைப் பை மேலதான்.

"மூடிக்குள்ள பாத்தியா?"

"பாத்தேன்."

பொறவு கேட்டாவ, "ரோட்டர் இருக்கா?"

"இருக்கு அத்தான். நல்லாத்தான் இருக்கு. வேற என்னமோ போயிருக்கு. எனக்குத் தெரியல."

என்னைப் பாத்துக்கிட்டே இருந்தாவ. உதடு ஒரு பக்கமா இழுத்துச்சு, அழுகையா சிரிப்பான்னு தெரியல, கோயில்குட்டியார்கிட்ட நின்னப்பம் இருந்த அதே வாய். கம்பிக்கு இடையில கையை நீட்டி என் நெத்தியில இருந்த கருப்பைக் கட்டைவிரலால துடைச்சாவ.

"கையைக் கழுவிட்டு வாட்டி. ரொம்பக் களைச்சுட்ட. காப்பி போடு."

"சரி."

"எனக்கு முழுத் தம்ளர்."

அடுப்பைப் பத்த வச்சேன். உள்ள போன் அடிக்குது, ஆஸ்பத்திரி நம்பர். எடுத்தேன். "அங்கிள் கிளம்பிட்டாங்களா ஆன்ட்டி" ன்னு கேட்டா அந்த நர்ஸுப் பிள்ளை. வண்டி ஸ்டார்ட் ஆகலம்மான்னேன். ஆட்டோ பிடிச்சாவது வாங்கன்னா. பாக்கேம்மான்னு வச்சுட்டேன். பால் பொங்கி வந்துச்சு, இறக்கி ஆத்தினேன். பெரிய தம்ளர் ரெண்டு எடுத்தேன், ரெண்டுலயும் விளிம்பு வரைக்கும் ஊத்தினேன். எப்பமும் அளக்குற அந்தக் கோடு போட்ட டப்பாவைக் கழுவி, கவுத்தி வச்சேன்.